அடங்காத இழுப்பும் ஆன்டிபாடி ஊசியும்





மே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா நாள். அதையொட்டி இந்த இதழின் பெரும்பகுதியை மூச்சுக்காக ஒதுக்கியிருக்கிறோம். குழந்தைகளுக்கு வரும் வீசிங், வேலையிடத் தூசி, இன்ஹேலரைப் பற்றிய பயம் என்று பலவும் உள்பக்கங்களில் இருக்கின்றன. இந்தப் பக்கத்தை மட்டும் ஒரு சிறு கூட்டத்தாருக்காக எழுதுகிறேன். எல்லா மருந்தும் எடுத்துப் பார்த்தும் இழுப்பு அடங்காதவர்களுக்காக. அவர்களோடு சேர்ந்து இரவெல்லாம் கண்விழிக்கும் வீட்டாருக்காக.

ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோர், ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரை ஒழுங்காக இழுத்தாலே நன்றாக இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிறார்கள், வயலில் இறங்குகிறார்கள், மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறார்கள். ஆனால் நூறு பேரில் மூன்று முதல் பத்துப் பேர் வரைக்கும் இது போதுவதில்லை. உச்ச அளவில் இன்ஹேலர் இழுத்தும், கூடவே வேறு மருந்துகள் சேர்த்தும், மாதம் தவறினாலும் தவறாத இழுப்பு. தலையணையை அடுக்கிவைத்துச் சாய்ந்தபடியே விடியும் இரவுகள். கல்யாண வீடு, ஊர்த் திருவிழா, பேருந்துப் பயணம் எதுவானாலும் பையில் நெபுலைசர் முதலில் ஏறும். இத்தனைக்கும் மேலே, 'நீ சரியா மருந்து எடுக்கறதில்ல', 'குளிர்ந்த தண்ணி குடிச்சிருப்ப' என்று உறவுக்காரர்கள் சொல்லும் குற்றச்சாட்டு வேறு. நோயோடு சேர்த்துப் பழியையும் சுமப்பவர்கள் இவர்கள்.

பல ஆண்டுகளாக இவர்களுக்கு மருத்துவத்தில் மிச்சமிருந்த வழி ஸ்டீராய்டு மாத்திரைதான். இழுப்பு முற்றிய நேரத்தில் உயிர் காப்பது அந்த மாத்திரைதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் அதைக் கண்டு பயந்து, வேண்டிய நேரத்தில் விட்டுவிடக் கூடாது. ஆனால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அதையே விழுங்கி வாழ நேர்ந்தால் உடல் கொடுக்கும் விலை பெரிது. என் பெரியம்மா அப்படி வாழ்ந்தவர். முகம் உப்பி வட்டமானது. கையில் லேசாக இடித்தாலே தோலுக்கடியில் ரத்தம் கட்டி நீலமாகும். ஐம்பது வயது தாண்டுமுன் சர்க்கரை வந்தது, பிறகு கண்ணில் புரை, பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவு. ஒவ்வொன்றையும் நாங்கள் தனித்தனி நோய் என்று நினைத்து, தனித்தனி மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அத்தனைக்கும் வேர் ஒரே மாத்திரை. அந்த மாத்திரை இல்லாமல் அவருக்கு மூச்சும் இல்லை. அந்த இக்கட்டில் இருந்த ஒருவரை அருகிலிருந்து பார்த்ததால்தான், கடந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் வந்த ஆன்டிபாடி ஊசிகளைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதுகிறேன்.

இந்த ஊசிகளின் கதை ஒரு மீனில் தொடங்குகிறது. அப்போது ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரில் ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற மருத்துவருக்குச் சமைத்த மீன் ஆகாது. சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். அவருடைய சக மருத்துவர் கார்ல் பிராஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தத் தொந்தரவும் இல்லை. பிராஸ்னிட்ஸ் கூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைத் தன் தோலுக்கடியில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைக் குத்திக்கொண்டபோது, அந்த இடம் மட்டும் சிவந்து தடித்தது. ஒவ்வாமையைச் சுமக்கும் ஏதோ ஒன்று ரத்தத்தில் இருக்கிறது, அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறக்கூடியது என்று 1921-ல் இருவரும் எழுதினார்கள். அது என்னவென்று தெரிய நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1966-ல் அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியர் அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதே காலத்தில் ஸ்வீடனின் உப்சாலாவில் ஜோஹான்சனும் பென்னிச்சும் வேறொரு வழியில் அதையே எட்டினார்கள். 1968-ல் அதற்கு ஐ.ஜி.ஈ. என்று பெயர் வைத்தார்கள். இன்று நம் ஊர் லேப் சீட்டில் 'டோட்டல் ஐ.ஜி.ஈ.' என்று அச்சாகி வருவது அதுதான்.

எதிரியைக் கண்டுபிடித்தாயிற்று, அதை மட்டும் குறிபார்த்துப் பிடிக்கும் ஆயுதம் வேண்டுமே? 1975-ல் கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டீன், ஜார்ஜ் கோலர் இருவரும் அதற்கு வழி காட்டினார்கள். ஒரே வகை ஆன்டிபாடியை, ஒரே குறியை மட்டும் பிடிக்கும்படி, ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் உற்பத்தி செய்யும் முறை அது. 1984-ல் நோபல் பரிசு பெற்றது. உடம்பு கிருமிகளுக்கு எதிராகத் தானே செய்துகொள்ளும் ஆன்டிபாடியைக் கொரோனா காலம் நம் எல்லோருக்கும் பழக்கப்படுத்திவிட்டது. அதே வகைப் புரதத்தை வெளியே தயாரித்து, நோயை மூட்டிவிடும் ஒரு குறிப்பிட்ட பொருளைப் பிடித்து முடக்கும்படி உடம்பில் செலுத்துவதுதான் இந்தச் சிகிச்சை. ஐ.ஜி.ஈ.யைப் பிடித்துவைக்கும் ஓமாலிசுமாப் என்ற ஊசிக்கு 2003 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்தது. ஆஸ்துமாவுக்கென்று வந்த முதல் ஆன்டிபாடி ஊசி அது. நோயாளியின் எடையையும் ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஈ. அளவையும் பார்த்து, இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவார்கள். தூசி, பூச்சி, பூஞ்சை போன்றவற்றால் வரும் ஒவ்வாமை ஆஸ்துமாக்காரர்களுக்கு அது உதவியது.

இரண்டாவது ஊசியின் கதையை நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன். இந்தப் பக்கத்தின் சாரமே அதில்தான் இருக்கிறது. ஈஸ்னோபீலியா என்றால் நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரத்தத்தில் ஈஸ்னோபில் என்ற வெள்ளையணு கூடிப்போவது. பல ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயில் இந்த அணுக்கள் திரண்டு, சுவரை வீங்கவைத்துச் சளியைக் கெட்டியாக்குகின்றன. எலும்பு மச்சையில் இவற்றை வளர்த்துவிடுவது இன்டர்லூகின்-5 என்ற புரதம். அதை முடக்கினால் ஆஸ்துமா அடங்கும் என்று கணக்குப் போட்டு, மெபோலிசுமாப் என்ற ஆன்டிபாடியை உருவாக்கினார்கள். 2007-ல் 362 நோயாளிகளிடம் செய்த ஆய்வின் முடிவு வந்தது. ரத்தத்தில் ஈஸ்னோபில் நன்றாகக் குறைந்தது. நோயாளிகளுக்கோ சொல்லும்படியான பலன் இல்லை. மருந்து தோற்றது என்றே பலரும் நினைத்தார்கள்.

ஆனால் கனடாவின் ஹாமில்டன் நகரில் ஒரு குழு வேறு மாதிரி யோசித்தது. நோயாளி காறித் துப்பும் சளியைச் சாயமிட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து, அதில் எந்த அணு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் அங்கே ஏற்கெனவே வேரூன்றி இருந்தது. அங்கிருந்த பரமேஸ்வரன் நாயரும் அவருடைய குழுவினரும் எல்லா ஆஸ்துமாக்காரர்களையும் சேர்க்கவில்லை. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டும் சளியில் ஈஸ்னோபில் குறையாதவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தம் 20 பேர்தான். 11 பேருக்கு வெற்று ஊசி, 9 பேருக்கு மெபோலிசுமாப். வெற்று ஊசி போட்டவர்களில் 10 பேருக்கு மறுபடி நோய் முற்றியது. மருந்து போட்டவர்களில் ஒரே ஒருவருக்குத்தான். ஸ்டீராய்டு மாத்திரையையும் வெகுவாகக் குறைக்க முடிந்தது. இந்த ஆய்வும், இங்கிலாந்தின் லெஸ்டரில் இதேபோல் ஆள் தேர்ந்து செய்த இன்னொரு ஆய்வும் 2009-ல் ஒரே இதழில் வெளிவந்தன. தோற்றதாகச் சொன்ன மருந்து, பிறகு பெரிய ஆய்வுகளிலும் தேறி, 2015 நவம்பரில் ஒப்புதல் பெற்றது.

மருந்து மாறவில்லை. யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விதான் மாறியது. ஆஸ்துமா என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உள்ளே நடப்பது ஆளுக்கு ஆள் வேறு. இதை உணர்ந்த பிறகு வழிகள் வேகமாகத் திறந்தன. 2017-ல் பென்ராலிசுமாப் வந்தது. அது ஈஸ்னோபில் அணுவின் மேலேயே ஒட்டிக்கொண்டு அதை அழிக்கும். முதல் மூன்று ஊசிக்குப் பிறகு எட்டு வாரத்துக்கு ஒன்று போதும். தினமும் ஸ்டீராய்டு மாத்திரையை நம்பியிருந்த 220 பேரிடம் செய்த ஆய்வில், இந்த ஊசி போட்டவர்கள் நடுமதிப்பாக நான்கில் மூன்று பங்கு மாத்திரையைக் குறைத்தார்கள். 2018-ல் டுபிலுமாப் ஆஸ்துமாவுக்கு ஒப்புதல் பெற்றது. இன்டர்லூகின்-4, 13 என்ற இரண்டின் வாசலையும் ஒருசேர அடைப்பது. 2021 டிசம்பரில் டெசெபெலுமாப் வந்தது. மூச்சுக்குழாய்ச் சுவரிலிருந்து எழும் முதல் அபாயக் குரலையே அடக்குவதால், ஈஸ்னோபில் குறைவாக உள்ளவர்களிலும் சிலருக்கு அது பலன் தருகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் போட்டால் போதும் என்கிற டெபெமோகிமாப் ஊசியின் ஆய்வு முடிவுகளும் 2024-ல் வந்துவிட்டன.

நம் நாட்டிலும் ஓமாலிசுமாப், மெபோலிசுமாப், பென்ராலிசுமாப் போன்றவை கிடைக்கின்றன. ஆனால் ஊசியைத் தேடி ஓடுமுன், நம் மண்ணுக்கே உரிய ஒரு செய்தியை மனத்தில் வையுங்கள். நம் ஊரில் ஈஸ்னோபில் கூடுவதற்கு ஆஸ்துமா மட்டும் காரணமில்லை. வயிற்றுப் புழுக்களும் அதைக் கூட்டும். யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியா புழுவும் நுரையீரலில் பெருந்தொல்லை கொடுக்கும். இரவில் வரும் இருமலும் இழுப்பும் அச்சு அசல் ஆஸ்துமா போலவே இருக்கும். 1943-ல் வைங்கார்டன் என்ற மருத்துவர் இந்தியாவில் பார்த்த நோயாளிகளைக் கொண்டு இதைத் தனி நோயாக விவரித்தார். பழைய தலைமுறைக்கு ஹெட்ராசான் மாத்திரை நினைவிருக்கும். அந்த மலிவான மருந்துக்கே இது கேட்கும். அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை மூச்சுக்குழாயில் குடியேறி ஆஸ்துமாவை அடங்காமல் செய்வதும் நம் நாட்டில் அரிதல்ல. அதற்கான சிகிச்சை வேறு. ஐ.ஜி.ஈ.யும் ஈஸ்னோபிலும் புழுக்களை எதிர்க்கவென்று உடம்பு வைத்திருக்கும் படை. அவற்றை ஊசியால் முடக்குமுன் உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் குணப்படுத்திவிடுவதுதான் முறை. இன்னொன்று, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈஸ்னோபில் குறைவாகத் தெரியலாம். மாத்திரை எடுப்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். பழைய லேப் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்ஹேலர் முறையாக உள்ளே போகிறதா என்பது அடுத்த கேள்வி. அடங்காத ஆஸ்துமா என்று நிபுணரிடம் வருபவர்களில் கணிசமானவர்களுக்குக் குறை இங்கேதான். அவர்களைக் குறைசொல்லவில்லை, அவர்கள் முன்னால் உட்கார்ந்து யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். அழுத்தி அடிக்கும் இன்ஹேலர் என்றால் மூடியைக் கழற்றி நன்றாகக் குலுக்குங்கள். உள்ளிருக்கும் மூச்சை முழுதும் வெளியே விடுங்கள். வாய்ப்பகுதியை உதட்டால் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்துங்கள். இழுத்து முடித்ததும் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் பவுடர் வகை இதற்கு நேர் எதிர். அதை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். எதுவானாலும் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அழுத்தி அடிக்கும் வகையில் கையும் மூச்சும் ஒத்துழைக்காத முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஸ்பேசர் என்ற குடுவை பெரிய உதவி. அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரை எடுத்துப்போய், அவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள்.

அப்புறம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை, விறகடுப்பு, பக்கத்தில் ஒருவர் பிடிக்கும் பீடி. மருந்துப் பெட்டியையும் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் சிலருக்கு இழுப்பைக் கூட்டும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்துகூடக் கூட்டும். ஆஸ்பிரினும் சில வலி மாத்திரைகளும் மூக்கில் சதை வளர்ந்த ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு ஆபத்து. நெஞ்செரிச்சல், சைனஸ், உடல் பருமன் இவையும் காரணமாகலாம். இதய நோயே ஆஸ்துமா வேடம் போட்டுக்கொண்டு வருவதும் உண்டு. இவை எல்லாவற்றையும் பார்த்துச் சரிசெய்த பிறகும் அடங்காவிட்டால்தான் அதற்குக் கடும் ஆஸ்துமா என்று பெயர். ஆன்டிபாடி ஊசி அது உள்ளவர்களுக்குரியது.

ஊசி போடத் தொடங்குபவர்கள் சிலவற்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இழுப்பு வந்து மூச்சுத் திணறும்போது உடனே அடக்குவதற்கான ஊசி இல்லை இது; வராமல் காப்பதற்கானது. நோயை வேரோடு தீர்ப்பதும் இல்லை. நிறுத்தினால் பலருக்கும் பழைய தொல்லை திரும்புகிறது. இன்ஹேலரை விட்டுவிடவும் முடியாது. ஸ்டீராய்டு மாத்திரையை ஊசி தொடங்கிய கையோடு நிறுத்துவது பேராபத்து. நெடுநாள் மாத்திரை எடுத்தவர்களின் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். மருத்துவர் சொல்லும் அளவில், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். ஊசிக்கே கடும் ஒவ்வாமை வருவது அரிது, ஆனாலும் வரக்கூடும் என்பதால் தொடக்கத்தில் மருத்துவமனையில் காத்திருக்கச் சொல்வார்கள், அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள். நான்கு முதல் ஆறு மாதம் கழித்துப் பலன் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஊசிக்கு மாறலாம். வீணாகத் தொடர வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இந்த ஊசிகளின் விலை நடுத்தரக் குடும்பத்தையே திணறவைக்கும். கூலி வேலை செய்பவருக்கு எட்டவே எட்டாது. அதே மருந்தை வேறு நிறுவனங்கள் குறைந்த விலையில் தயாரிக்கும் காலம் பிறந்திருக்கிறது. ஓமாலிசுமாபுக்கு இணையான முதல் மாற்று மருந்து 2024-ல் ஐரோப்பாவிலும் 2025-ல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றுவிட்டது. அந்த விலைக் குறைப்பு நம் அரசு மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டுத் திட்டங்களுக்கும் வந்துசேர வேண்டும் என்று இந்தப் பக்கத்தின் வழியாக வேண்டுகிறேன். உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறக்குறைய 13 சதவீதம் பேர் இந்தியர்கள். ஆனால் ஆஸ்துமாவால் நேரும் மரணங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இங்கே நிகழ்கின்றன என்று 2019-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கு சொல்கிறது. இந்த மரணங்களில் பெரும்பகுதி ஆன்டிபாடி ஊசி இல்லாததால் வருவதல்ல. சாதாரண இன்ஹேலர் கைக்கு எட்டாததாலும், எட்டியும் பயந்து தள்ளிவைப்பதாலும், நிவாரண இன்ஹேலரை மட்டும் அடித்துக்கொண்டு தடுப்பு இன்ஹேலரை விட்டுவிடுவதாலும் வருபவை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வரும் மாநிலம் நம்முடையது. தடுப்பு இன்ஹேலரும் அதேபோல ஒரு மாதம்கூடத் தவறாமல் ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பெரிய ஊசிக்கும் சிறிய இன்ஹேலருக்கும் சேர்த்தே குரல் கொடுப்போம்.

வாசகர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்து முடிக்கிறேன். உங்கள் வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் யாராவது இருந்தால், இன்று அவரோடு உட்கார்ந்து கணக்கெடுங்கள். கடந்த ஓராண்டில் இழுப்பு முற்றி எத்தனை தடவை ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தார்? எத்தனை தடவை மருத்துவமனைக்கு ஓடினீர்கள்? இரவில் எழுந்து உட்காரும் நாட்கள் எத்தனை? மாத்திரை இரண்டு தடவை அல்லது அதற்கு மேல் என்றாலோ, ஒருமுறையாவது ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்திருந்தாலோ, அதை ஒரு தாளில் தேதியோடு எழுதி நுரையீரல் நிபுணரிடம் கொண்டுபோங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது. 'எல்லாம் செய்தாயிற்று, இனி இப்படித்தான்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏன் அடங்கவில்லை என்று கேட்டு, காரணத்தைத் தேடவைக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. சளியில் அணுக்களை எண்ணிப் பார்த்த அந்தச் சிறு குழுவின் பொறுமைதான் தோற்றதாகச் சொன்ன ஒரு மருந்தை மீட்டது. உங்கள் வீட்டு நோயாளிக்கும் அந்த அளவு கவனம் கிடைக்க வேண்டும்.

உங்கள் அனுபவங்களையும் ஐயங்களையும் எழுதுங்கள். அடுத்த இதழில் நுரையீரல் நிபுணர்களிடம் கேட்டுப் பதில் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்